வாங்குபவரின் நாணயம்

ஒரு பொருளின் மதிப்பை வாங்குபவர் அறிந்திருக்கிறார், விற்பவர் அறியவில்லை. அந்நிலையில் வாங்குபவர் வாய் திறவாதிருப்பது நேர்மையாகுமா? அறநெறி இறையியல் மிகப் பழங்காலந்தொட்டுக் கேட்டுவரும் கேள்வி இது. நிலத்தை வைத்தும் நெல்லை வைத்தும் இதனை ஆராயலாம். ஆனால் நிலத்தின் விலையை ஊரார் ஓரளவு அறிவர். நெல்லின் விலையைச் சந்தையே சொல்லிவிடும். அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையேயுள்ள தொலைவு அளவின்றி விரிவது பழம்பொருள்களில்தான்.

அமெரிக்க நாட்டில் குடியேறியுள்ள நம் பிள்ளைகள் சிலர் அங்குக் கிடைக்கும் பழைய வெள்ளி டாலர்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். விடுமுறையில் வரும்போது ஒன்றிரண்டைக் கொண்டுவந்து காட்டி, "சாமி, இது என்ன விலை பெறும்?" என்று கேட்கிறார்கள். காசைக் குறிக்கும் நாணயத்தில் தொடங்கும் பேச்சு, சற்று நேரத்தில் நேர்மையைக் குறிக்கும் நாணயத்தில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது தமிழுக்கு வாய்த்த பேறு.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். பழைய வெள்ளி டாலர் என்றதும் சேகரிப்போர் நினைவுக்கு வருவது மார்கன் டாலர். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற ஜார்ஜ் மார்கன் என்னும் செதுக்குக் கலைஞர் வடித்த உருவம் ஆதலால் இப்பெயர். 1878 முதல் 1904 வரையிலும், பின்னர் 1921ஆம் ஆண்டிலும் இது அச்சாயிற்று. தலைப் பக்கத்தில் விடுதலையின் உருவகமான பெண்முகம். பூப் பக்கத்தில் சிறகு விரித்த கழுகு. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. ஆகவே ஒவ்வொரு நாணயத்திலும் ஏறத்தாழ 24 கிராம் தூய வெள்ளி உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் அதே எடையில், அதே வெள்ளியில் வந்தது அமைதி டாலர். 1921 முதல் 1928 வரையிலும், பின் 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் அது வெளிவந்தது. இவ்விரண்டு உருவங்களையும் 2021ஆம் ஆண்டில் அந்நாட்டு நாணயச்சாலை நினைவு வெளியீடாக மீண்டும் கொணர்ந்திருப்பதால், புதிதாகச் சேர்க்கத் தொடங்குவோர் பொறித்துள்ள ஆண்டை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தகைய நாணயம் ஒன்றுக்கு ஒரே வேளையில் பல விலைகள் இருக்கின்றன. பொறித்துள்ள எழுத்தின்படி அது ஒரு டாலர். தட்டான் தராசில் வைத்தால் அன்றைய வெள்ளி விலை. இவ்விரண்டையும் யாரும் அறியலாம். ஆனால் அருமையினால் வரும் விலையும், நாணயம் இருக்கும் நிலையினால் வரும் விலையும் கற்றவர் கண்ணுக்கு மட்டுமே புலப்படும். எடுத்துக்காட்டாக, 1889ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அச்சான மார்கன் டாலர்கள் இரண்டு கோடிக்கு மேல். அதே ஆண்டு நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டியில் அச்சானவை 3,50,000 மட்டுமே. இரண்டிலும் அதே முகம், அதே கழுகு, அதே வெள்ளி. பூப் பக்கத்தில் மலர்வளையத்தின் முடிச்சுக்குக் கீழே 'சி.சி.' என்னும் இரண்டு சிறிய எழுத்துகள் இருக்கின்றனவா, வெற்றிடம் இருக்கிறதா என்பதே வேறுபாடு. முன்னது தேய்ந்திருந்தால் ஏறக்குறைய வெள்ளி விலைக்கே போகும். பின்னது அதே அளவு தேய்ந்திருந்தாலும் அதனினும் பன்மடங்கு பெறும்.

நிலையை மதிப்பிடுவது இதனினும் நுட்பமானது. நாணயத்தின் மேடான இடங்களே முதலில் தேயும். மார்கன் டாலரில் காதுக்கு மேலுள்ள கூந்தலையும் கன்னத்தையும் கழுகின் மார்பிலுள்ள இறகுகளையும் பார்க்க வேண்டும். அங்கே கூந்தல் இழைகள் தெளிவாக இல்லையெனில் தேய்மானம் என்று தொடக்கநிலையில் உள்ளவர் முடிவு செய்துவிடுவார். அதுவும் எப்போதும் சரியன்று. நியூ ஆர்லியன்சில் அச்சான நாணயங்கள் பலவற்றில் அச்சு சரியாக அழுந்தாமையால், கைபடாத புதுக்காசிலும் காதுக்கு மேல் தட்டையாகவே இருக்கும். தேய்மானத்தையும் அச்சுக் குறையையும் வேறுபடுத்திக் காட்டுவது ஒளி. நாணயத்தை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், புழங்காத நாணயத்தில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல் தடையின்றிச் சுற்றிவரும். உண்மையிலேயே தேய்ந்த இடத்தில் அந்த ஒளி அறுந்து மங்கும். ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டிவைக்கப்பட்ட நாணயங்கள் ஒன்றோடொன்று மோதியதால் கன்னத்தில் விழுந்த வடுக்களும் உண்டு. அவை புழக்கத்தின் அடையாளம் அல்ல, ஆனாலும் விலையைக் குறைக்கும்.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். திருவிழா நெருங்கினால் ஆலயத்துப் பித்தளைக் குத்துவிளக்கையும் மெழுகுதிரித் தண்டையும் புளியிட்டுத் தேய்த்துத் துலக்குவது நம் பங்கு மக்களின் வழக்கம். கறுத்த வெள்ளியைப் பற்பொடியிட்டுத் தேய்ப்பாரும் உண்டு. பழைய நாணயத்துக்கு அக்கைவண்ணம் ஆகாது. துலக்கிய நாணயத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் ஓராயிரம் விழுகின்றன. அச்சான நாளில் உலோகத்தில் பதிந்த ஒளியோட்டம் அழிகிறது. அதனை மீட்கவும் முடியாது. பளபளவென்று இருப்பதே நல்லதென்று கருதித் தொடங்குவோர் பலர் இத்தகைய நாணயங்களையே விரும்பி வாங்குகின்றனர். கறுப்போ பொன்மஞ்சளோ படிந்த பழைய நிறத்தை அப்படியே விட்டுவைத்த நாணயத்துக்கே அறிந்தவர்கள் மிகுந்த விலை தருவார்கள்.

அருமையும் மனிதக் கையில் இல்லாத ஒன்று. 1918ஆம் ஆண்டு பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை அமெரிக்க அரசு உருக்கிற்று. அதில் மிகப் பெரும்பகுதி, ஏறத்தாழ 26 கோடி நாணயங்களின் வெள்ளி, இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. போர்க்காலத்தில் இங்கே காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்போர் பெருகி அரசின் கையிருப்பு வற்றியதே காரணம். நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் மார்கன் டாலரின் வெள்ளியும் கலந்திருக்கக்கூடும். எந்த ஆண்டின் நாணயம் எத்தனை உருகிற்று என்று எவரும் கணக்கெழுதவில்லை. ஆகவே எத்தனை அச்சாயின என்பதை மட்டும் வைத்து எத்தனை எஞ்சின என்று சொல்ல இயலாது. 1903இல் நியூ ஆர்லியன்சில் அச்சான டாலர் 40 இலட்சத்துக்கு மேல் இருந்தும், கண்ணில் படாமையால் பல்லாண்டுகள் மிக அரியதாகக் கருதப்பட்டுப் பெருவிலைக்கு விற்றது. 1962ஆம் ஆண்டின் இறுதியில் அரசுக் கருவூலத்தில் முத்திரையிட்டுக் கிடந்த பைகளைத் திறந்தபோது அந்நாணயங்கள் மூட்டை மூட்டையாக வெளிவந்தன. விலை ஒரே வீச்சில் சரிந்தது. நேற்று அதனைப் பெருவிலை கொடுத்து வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இப்போது வழக்குக்கு வருவோம். அமெரிக்காவில் வயது முதிர்ந்தவர்கள் பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போகுமுன் தட்டுமுட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்பது வழக்கம். அப்படி ஒரு மூதாட்டியின் முற்றத்தில், பீங்கான் தட்டுகளுக்கும் பழைய கடிகாரத்துக்கும் இடையே ஒரு டப்பாவில் சில வெள்ளி டாலர்கள். மறைந்த கணவர் வைத்திருந்தவை. எடுத்தால் ஒவ்வொன்றும் இன்ன விலை என்று, வெள்ளி விலையை ஒட்டி, சீட்டெழுதி ஒட்டியிருக்கிறார். நம் இளைஞர் ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறார். 1889. முடிச்சுக்குக் கீழே இரண்டு எழுத்துகள். சீட்டில் உள்ள தொகையைக் கொடுத்துவிட்டு நன்றி கூறிப் புறப்படலாமா?

பொய் சொல்லவில்லை, அச்சுறுத்தவில்லை, கேட்ட விலையைக் குறைக்கக்கூட இல்லை. மூதாட்டியும் மனமுவந்து விற்கிறார். இதில் அநீதி எங்கே என்று பலரும் கேட்பர். விவிலியம் இந்த இடத்தில் கூர்மையாகவே பேசுகிறது. விற்றாலும் வாங்கினாலும் ஒருவரையொருவர் ஏய்க்கலாகாது என்று லேவியர் நூல் (25:14) இரு சாராரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. பொருளை மட்டம் என்று பழித்து வாங்கிவிட்டு, அப்பால் சென்று தன் திறமையைப் பெருமையடித்துக்கொள்ளும் வாங்குபவரை நீதிமொழிகள் ஆசிரியர் (20:14) சற்றே நகைப்போடு காட்டுகிறார். ஏமாற்றுபவர் எப்போதும் விற்பவரே என்னும் எண்ணம் விவிலியத்துக்கு இல்லை.

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் வாணிப நீதியை ஆராயும்போது இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். குறையை மறைத்து விற்பவரைப் பற்றிப் பேசிவிட்டு, வாங்குபவர் பக்கமும் திரும்புகிறார். விற்பவர் தம்மிடமுள்ள பொன்னைப் பித்தளை என்று தவறாக எண்ணி விற்க, அதை அறிந்தே ஒருவர் வாங்கினால் அவர் அநீதியாக வாங்குகிறார்; ஈடுசெய்யவும் கடமைப்பட்டவர் என்பது அவர் முடிவு. விற்பவரின் இசைவு அங்கே இருக்கிறது. ஆனால் தம் கையில் இருப்பது என்னவென்று அறியாத இசைவு அது. தாம் விற்பது வெள்ளி என்றுதானே மூதாட்டி எண்ணினார், அது வெள்ளிதானே, பித்தளை இல்லையே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. இளைஞர் வாங்குவது வெள்ளியை அன்று. வெள்ளிக்காக வாங்கியிருந்தால் டப்பாவில் எந்த நாணயத்தையும் எடுத்திருக்கலாம். அவர் தேடி எடுத்தது அருமையை. அம்மையார் விற்றது எடையை.

புனித அகுஸ்தினாரும் மூவொரு இறைவனைப் பற்றிய நூலில், போகிற போக்கில், ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். குறைந்த விலைக்கு வாங்கவும் கூடிய விலைக்கு விற்கவும் எல்லாருமே விரும்புவர் என்று கூத்தாடி ஒருவன் சொன்னதை ஆராய்கையில், தாம் அறிந்த ஒருவரைச் சான்றாகக் காட்டுகிறார். ஒரு நூல் அவரிடம் விலைக்கு வந்தது. விற்பவர் அதன் மதிப்பை அறியாமல் சிறுதொகை கேட்டார். வாங்கியவரோ, விற்பவர் எதிர்பாராத நிலையில், நூலுக்கு உரிய நேரிய விலையையே கொடுத்தார். அங்கே பொன்னும் பித்தளையும் மாறவில்லை, நூல் நூல்தான். விலை மட்டுமே தெரியவில்லை. நம் வழக்குக்கு இதனினும் நெருங்கிய முன்மாதிரி கிடைப்பது அரிது.

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். முதலாவதாக, நற்செய்தியிலேயே மறுப்பு ஒன்று நம்மை எதிர்கொள்கிறது. நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்டவர் அதனை மூடி மறைத்துவிட்டு, போய்த் தமக்குள்ளதையெல்லாம் விற்று அந்நிலத்தை வாங்கினாரே (மத்தேயு 13:44)! நிலத்துக்காரரிடம் அவர் ஒரு சொல் சொன்னதாக இல்லை. உவமையில் வரும் ஒவ்வொருவரின் செயலும் பின்பற்றத்தக்கது அன்று என்று எளிதாகச் சொல்லித் தப்பலாம். முறைகேடான கண்காணிப்பாளரும் இரவில் வரும் திருடனும் நற்செய்தியில் உண்டு. ஆனால் தோமா அவ்வாறு தப்பவில்லை. புதையல் முழுவதற்கும் உரிமை பெறுவதற்காகவே அம்மனிதர் நிலத்தை வாங்கினார் என்று அவரைக் குறை கூறாமலே விளக்குகிறார். நெடுங்காலம் மண்ணில் புதைந்து, உரியவர் யார் என்றே தெரியாமற்போன செல்வத்தைப் பற்றிய பேச்சு அது. மூதாட்டியின் டப்பாவில் இருப்பதற்கு உரியவர் கண்முன்னே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. அறிவும் உழைப்பின் பயனே. உருப்பெருக்கியும் கையுமாக ஆண்டுக்கணக்கில் கற்று, நூல் வாங்கி, தவறான நாணயங்களில் பொருளிழந்து பெற்ற கண் அது. அதற்குக் கூலி வேண்டாமா? வேண்டும். தோமாவும் அளவான ஆதாயத்தை வணிகர் நாடுவதைக் கடியவில்லை. நேரிய விலை என்பது ஒரு புள்ளி அன்று, ஓரளவு கூடக்குறைய அமையும் மதிப்பீடே என்றும் ஒப்புகிறார். ஆகவே விலைப்பட்டியலில் அச்சிட்டுள்ள தொகை முழுவதையும் மூதாட்டியிடம் எண்ணிவைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நாணயத்தை வாங்கி விற்கும் நேர்மையான கடைக்காரர் ஒருவர் அவருக்கு எவ்வளவு கொடுத்திருப்பாரோ அவ்வளவு கொடுத்தால் போதும். அதற்கும் விற்பனை விலைக்கும் இடையேயுள்ளது கற்ற கண்ணுக்கு உரிய கூலி. வெள்ளி விலைக்கும் அதற்கும் இடையேயுள்ளது கூலி ஆகாது.

கடையில் நடப்பது வேறு. நாணயக் கடைக்காரர் அறிந்தவர் என்று சொல்லியே பலகை மாட்டியிருக்கிறார். தாமே நாணயத்தைப் பார்த்து விலை எழுதியிருக்கிறார். அவர் ஒரு படி குறைத்து மதிப்பிட்ட நாணயத்தைக் கண்டெடுத்து வாங்குவதில் குற்றம் காண்பது மிகை. தரத்தில் ஒரு படி என்பது வல்லுநர்களே ஒத்துப்போகாத செய்தி. ஒருவர் 63 என்பதை மற்றவர் 64 என்பார். ஆனால் கடைப் பையன் சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டதைக் கண்டும் வாங்கிச் செல்வது வேறு. அது மூதாட்டியின் வழக்கேதான்.

இன்னொரு நுட்பத்தையும் தோமா தொடுகிறார். கோதுமை அரிதான ஊருக்குக் கோதுமை கொண்டுசெல்லும் வணிகர், பின்னால் வேறு பலரும் கொண்டுவருகிறார்கள் என்பதை அறிந்தும் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்றால் நீதிக்கு மாறாக நடந்தவர் ஆகார். சொன்னாலோ விலையைக் குறைத்தாலோ நற்பண்பு மிகும் என்கிறார். நாளை நடக்கவிருப்பது வேறு, இன்று கையில் இருப்பது வேறு. 1962இல் கருவூலப் பைகள் திறக்கப்படும் என்று ஊகித்துத் தம் நாணயத்தை முன்கூட்டியே விற்றவரை இவ்விதியின்படி அநீதர் எனல் கடினம். 'சி.சி.' என்னும் எழுத்துகளோ நாளைக்கு வரப்போகும் செய்தி அல்ல. மூதாட்டியின் டப்பாவில் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருப்பவை.

அறிவு மட்டும் மனிதரை நேர்மையாளர் ஆக்குவதில்லை என்பதற்கு இத்துறையிலேயே சான்று உண்டு. நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரையிலான எண்ணால் குறிக்கும் முறையை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கென்று வகுத்த அம்முறையே இன்று வெள்ளி டாலருக்கும் வழங்குகிறது. 60இலிருந்து மேலே புழங்காத நாணயம். 1986 முதல் தனி நிறுவனங்கள் இவ்வெண்ணை இட்டு நாணயத்தைக் கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. அந்த ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேமிப்பிலிருந்த உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு தம்மிடமிருந்த தாழ்ந்தவற்றை அங்கே வைத்துவிட்டார் என்பது அவர் இறந்தபின் வெளிப்பட்டு நீதிமன்றம் வரை சென்றது. எந்தக் காசு எத்தனை எண் பெறும் என்பதை அவரினும் அறிந்தவர் இலர். அதனாலேயே மாற்றத் தெரிந்தது.

தொடங்குவோர் பெரும்பாலும் அறியாதவர் பக்கத்திலேயே இருப்பார்கள் என்பதையும் மறக்கலாகாது. துலக்கிய நாணயத்தைப் புதுக்காசு என்று விற்பார் உண்டு. சாதாரண நாணயத்தில் அரிய ஊரின் எழுத்தை ஒட்டிவைப்பார் உண்டு. முழுப் போலியும் ஏராளம். ஆபிரகாம் மனைவியின் கல்லறை நிலத்துக்கு 400 செக்கேல் வெள்ளியை நிறுத்தே கொடுத்தார் (தொடக்கநூல் 23:16), நாமும் 26.73 கிராமை நிறுத்துப் பார்ப்பதில் இழுக்கில்லை. காந்தம் பற்றினால் அது வெள்ளி டாலரே அன்று. முதலில் 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது போன்ற, எளிதில் கிடைக்கும், அச்சு நன்கு அழுந்திய நாணயம் ஒன்றை வாங்கிக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நலம். போலி கைக்கு வந்துவிட்டால் அதனை இன்னோர் அறியாதவர் தலையில் கட்டுவது, நம்மை ஏமாற்றியவரின் பாவத்தில் நாமும் பங்கு கொள்வதாகும். செல்லாக் காசு காணிக்கைப் பெட்டிக்குள் வந்துசேர்வது எப்படி என்பதை ஒவ்வொரு பங்குத்தந்தையும் அறிவார்; அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

வாங்கியபின்தான் மனச்சான்று விழித்தது என்றால் என் செய்வது? விற்றவரைத் தேடிச் சென்று ஈடுசெய்ய வேண்டும். அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம். முற்றத்து விற்பனையில் பெயரும் கேளாமல் வாங்கி, பிறகு முயன்றும் கண்டுபிடிக்க முடியவில்லையெனில், அத்தொகை ஏழைகளுக்கு உரியது. திருச்சபையின் பழைய நெறி இதுவே.

இவ்வாறு நடப்பதில் நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. "அம்மா, நீங்கள் குறித்த விலை மிகக் குறைவு, இது அரிய நாணயம்" என்று முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் சொன்னால் மூதாட்டி நன்றியோடு கையைப் பற்றிக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை. ஐயம் கொள்வார். இவ்வளவு தருகிறேன் என்பவர் இன்னும் எவ்வளவை மறைக்கிறாரோ என்று எண்ணுவார். சீட்டைக் கிழித்துவிட்டு நாணயத்தை உள்ளே எடுத்துவைத்து, மகன் வரட்டும், நகரத்துக் கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்பார். மகன் வந்து கடைக்காரரிடமே விற்றும் விடுவான். அரிய நாணயத்தைக் கண்டெடுத்தவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். அப்படித் திரும்ப நேர்ந்தால், புறப்படுமுன் மூதாட்டியிடம் ஒன்று சொல்லிவிட்டு வரட்டும்: கடைக்குக் கொண்டுபோகுமுன் அதைத் துலக்கவேண்டாம் என்று.